எந்தச் சாமான், எந்த இடத்துக்கு? படுவான்கரை மெசின்களின் உதிரிப்பாகக் கேள்வி

மாசி மாதம். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், உன்னிச்சைக் குளத்து நீர் பாயும் வட்டைகளில் வேளாண்மை முற்றி நிற்கிறது. கூலிக்கு வந்த வெட்டு மெசின், பாதி வயலை வெட்டிய நிலையில் பெல்ட் அறுந்தோ பெயாரிங் பொடிந்தோ நின்றுவிடுகிறது. ஒரு நாள் மழை இறங்கினாலும் கதிர் சாய்ந்துவிடும். உடைந்த சாமானைச் சீலையில் சுற்றிக்கொண்டு, வவுணதீவைத் தாண்டி, வலையிறவுப் பாலத்தால் மட்டக்களப்பு நகரத்துக்கு ஒருவர் மோட்டார் சைக்கிளில் ஓடுகிறார். கடையில் அவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி ஒன்றுதான்: "கொம்பனிச் சாமானா, வேற சாமானா?"

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் உலகமெங்கும் இதே கேள்வியைப் பல்லாண்டுகளாகப் பேசி வருகிறார்கள். போர்ஷேக்குப் போர்ஷே பெட்டியில் வந்த சாமானையே போட வேண்டுமா, வேறொருவர் செய்த சாமான் போதுமா என்பது அவர்களுக்குப் பெரிய விவாதம். படுவான்கரையின் மண்முனை மேற்கில் அப்படிப்பட்ட கார்கள் இல்லை. இங்கே மெசி உழவு இயந்திரம், இரண்டு சக்கர லேண்ட்மாஸ்டர், குபோட்டா வெட்டு மெசின், பஜாஜ் ஓட்டோ, பல்சர் மோட்டார் சைக்கிள் என்பவைதான் ஓடுகின்றன. கார் பிரியர் தவறான சாமானைப் போட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீணாகும். ஆயித்தியமலை விவசாயி தவறான சாமானைப் போட்டால் ஒரு போகத்தின் வருமானமே ஆட்டம் காணும். ஆகவே இந்தக் கேள்வியை இங்கிருந்து கேட்பதுதான் பொருத்தம் என்று நினைக்கிறேன்.

முதலில் கடையில் உண்மையில் என்னென்ன இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். 'ஒரிஜினல்', 'டூப்ளிகேட்' என்று இரண்டாகப் பிரித்துப் பேசுவது நம் வழக்கம். கடைத் தட்டில் ஐந்து வகை இருக்கிறது. வாகனக் கொம்பனியின் பெயரும் இலக்கமும் பொறித்த பெட்டியில், முகவர் வழியாக வருவது முதல் வகை. அந்தக் கொம்பனிக்கே சாமான் செய்துகொடுக்கும் தொழிற்சாலை, அதே சாமானைத் தன் சொந்தப் பெயரில் விற்பது இரண்டாவது. அந்தக் கொம்பனியோடு எந்தத் தொடர்பும் இல்லாத தொழிற்சாலை, அளவெடுத்துப் பொருந்தும்படி செய்து தன் பெயரிலேயே விற்கும் மாற்றுச் சாமான் மூன்றாவது. கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து வரும், பழைய வாகனத்தில் கழற்றிய சாமான் நான்காவது. ஐந்தாவது போலி. இன்னொருவர் பெயரையும் பெட்டியையும் திருடி விற்பது இது. மூன்றாவதையும் ஐந்தாவதையும் ஒரே சொல்லால் 'டூப்ளிகேட்' என்று அழைப்பதால்தான் நம்மவர்கள் பலமுறை ஏமாறுகிறார்கள். தன் பெயரைத் துணிந்து பொறித்து விற்பவனுக்கும் அடுத்தவன் பெயரில் ஒளிந்து விற்பவனுக்கும் இடையே உள்ள தூரம், ஒரிஜினலுக்கும் மாற்றுச் சாமானுக்கும் இடையே உள்ள தூரத்தைவிட மிகப் பெரியது.

இரண்டாவது வகைக்கு நம் பக்கத்திலேயே நல்ல உதாரணம் உண்டு. படுவான்கரையில் இன்னும் உழுதுகொண்டிருக்கும் மெசி 135, மெசி 240 ஆகியவற்றின் இதயம் பெர்கின்ஸ் எஞ்சின். ஏ.டி.3.152 என்ற அதன் பெயரிலேயே 3 சிலிண்டர், 152 கன அங்குலக் கொள்ளளவு என்ற விவரம் இருக்கிறது. இந்தியாவில் மெசி வகை உழவு இயந்திரங்களைச் செய்ய 1960இல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே, அமால்கமேஷன்ஸ் குழுமத்தைச் சேர்ந்தது. அவற்றுக்கு எஞ்சின் செய்யும் சிம்ப்சனும் அதே குழுமம். பிஸ்டன், ரிங், லைனர் செய்யும், 1949இல் தொடங்கிய இந்தியா பிஸ்டன்ஸும் அதே குழுமம்தான். அப்படியிருக்க, இந்தியா பிஸ்டன்ஸ் பெட்டியில் வரும் லைனர் செட்டை 'கொம்பனிச் சாமான் இல்லை' என்று ஒதுக்குபவர், பெரும்பாலும் பெட்டியின் நிறத்துக்குத்தான் கூடுதல் விலை கொடுக்கிறார். வாகனக் கொம்பனிகள் தம் வண்டியின் பெரும்பகுதியைத் தாமே செய்வதில்லை. பெயாரிங் ஒருவரிடம், பம்ப் ஒருவரிடம், வயரிங் இன்னொருவரிடம் என்று வாங்கிப் பொருத்துகின்றன. பெட்டியில் கொம்பனி பெயரை அச்சிடுவதோடு அது தரச் சோதனையையும் பொறுப்பையும் ஏற்கிறது. அந்தப் பொறுப்புக்கு ஒரு விலை உண்டுதான். சாமானுக்குச் சாமான் அந்த விலை நியாயமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இனி பெயாரிங்கைக் கையில் எடுத்துப் பார்ப்போம். அதன் விளிம்பில் 6204 என்று பொறித்திருக்கும். முதல் 6 அது எந்த வகைப் பெயாரிங் என்பதைச் சொல்கிறது. கடைசி இரண்டு எண்களை 5ஆல் பெருக்கினால் உள்துளையின் அளவு வரும்: 04 என்றால் 20 மில்லிமீற்றர், 05 என்றால் 25. ஆக 6204 என்றால் உள்துளை 20, வெளிவட்டம் 47, தடிப்பு 14 மில்லிமீற்றர். உலகில் எங்கே செய்தாலும் இதுதான் அளவு. எஸ்.கே.எஃப், என்.எஸ்.கே, என்.டி.என், கோயோ எதை வாங்கினாலும் அச்சில் ஒரே மாதிரி உட்காரும். வாகனக் கொம்பனியின் பெட்டியில் வருவதும் பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான். எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துகளைத்தான் நம்மவர்கள் பார்ப்பதில்லை. இசட் இசட் என்றால் இரும்புத் தகட்டு மூடி. 2 ஆர்.எஸ் என்றால் இரு பக்கமும் ரப்பர் மூடி. சேற்றுக்குள் உருளும் சக்கரத்துக்குத் தகட்டு மூடிப் பெயாரிங்கைப் போட்டால், அது ஜப்பான் சாமானாக இருந்தாலும் ஒரு உழவுக்குக்கூடத் தாங்காமல் போகலாம். ரப்பர் மூடியோடு வந்த நடுத்தர விலைச் சாமான் அதைவிட நெடுநாள் ஓடும். இந்த இடத்தில் பெயரைவிட எழுத்துகள்தான் அதிகம் சொல்கின்றன.

ஒயில் சீலும் அப்படித்தான். அதன் ரப்பரிலேயே உள்வட்டம், வெளிவட்டம், தடிப்பு மூன்றும் அச்சாகியிருக்கும். மாரியில் உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகள் திறக்கும்போது வவுணதீவு, ஆயித்தியமலைப் பக்கத்து வீதிகள் நீரில் மூழ்குவது வழமை. அந்த நீரைக் கிழித்துக்கொண்டு ஓடும் உழவு இயந்திரத்தின் பின்னச்சுக்குள் நீர் போனால், ஒயில் பால் நிறமாகிவிடும். வடித்துப் பார்த்தால்தான் தெரியும். பார்க்காமல் ஓட்டினால் பல்சக்கரம் தேயும். இங்கே குறைந்த விலைச் சீல் வாங்கிச் சேமிக்கும் தொகை, கியர்பெட்டி ஒன்றைத் திறக்கும் கூலிக்குக்கூடக் காணாது. சீலைப் பொறுத்தமட்டில் நான் கறாராகவே சொல்வேன்: அறியப்பட்ட உற்பத்தியாளர் அல்லது கொம்பனிச் சாமான், வேறு எதுவும் வேண்டாம். சீல் விலை சிறிது, அதைக் கழற்றி மாட்டும் வேலை பெரிது. வேலை பெரிதாக உள்ள எல்லா இடத்திலும் இந்தக் கணக்கு பொருந்தும். கிளச் தட்டுக்கும் பொருந்தும், எஞ்சின் உள்சாமான்களுக்கும் பொருந்தும்.

எல்லாவற்றையும்விட அதிகமாகப் பேச வேண்டியது காற்று வடிகட்டியைப் பற்றி. எங்கள் பகுதியில் அதைத்தான் மிக அலட்சியமாக வாங்குகிறார்கள். நெல் உமியை எரித்தால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். அந்தச் சாம்பலில் மிகப் பெரும்பகுதி சிலிக்கா, அதாவது மணலில் உள்ள அதே பொருள். வெட்டு மெசினைச் சுற்றிப் பறக்கும் தூசியில் உமித் துகளும் வயல் மண்ணும் கலந்திருக்கின்றன. எஞ்சின் இந்தக் காற்றைத்தான் நாள் முழுக்க இழுக்கிறது. வடிகட்டி கசிந்தால் அந்தத் தூசி சிலிண்டருக்குள் போய், பிஸ்டன் ரிங்குக்கும் லைனருக்கும் நடுவே அரைக்கும் தூளாகிறது. இரண்டு போகம் கழித்து "மெசின் ஒயில் குடிக்குது, நீலப் புகை கக்குது" என்று கராஜுக்கு வருவார்கள். காரணம் எப்போதோ வாங்கிய மலிவு வடிகட்டி என்பது யாருக்கும் நினைவிருக்காது.

வவுணதீவு வீதியோரத்துக் கராஜ் ஒன்றில், மெக்கானிக் ஒருவர் இரண்டு பழைய வடிகட்டிகளை அறுத்து மேசையில் பரப்பிக் காட்டினார். ஒன்றில் தாளின் மடிப்புகள் நெருக்கமாக, ஒரே இடைவெளியில், இரு முனையிலும் பசைக்குள் நன்றாகப் பதிந்திருந்தன. மற்றதில் மடிப்புகள் குறைவு. ஒரு பக்கம் கூடிக் கிடந்தன, மறுபக்கம் விரிந்து ஒளி தெரிந்தது. முனைப் பசை விட்டுப்போன இடத்தில் கறுப்பாக ஒரு தூசிக் கோடு ஓடியிருந்தது. அந்தக் கோடுதான் தூசி எஞ்சினுக்குள் போன வழி. வெளியே இரண்டும் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே எழுத்து. "மறுகா என்னோட சண்டை பிடிக்கப்படா, அண்ணன். இதை வாங்கினது நீங்க" என்று அவர் உரிமையாளரிடம் சொன்னதில் கோபம் இல்லை, சலிப்பு இருந்தது. கடையில் கழற்றிப் பார்க்க முடியாத சாமானில்தான் போலி அதிகம் ஒளிந்திருக்கிறது. வடிகட்டி, பிரேக், மின்சாமான் மூன்றும் அந்த வகை.

பிரேக்குக்கு வந்தால், விவாதத்துக்கு இடமில்லை என்று பலர் சொல்வார்கள். நானும் ஏறக்குறைய அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அங்கும் 'கொம்பனிச் சாமான்' ஒன்றே வழி என்று சொல்ல மாட்டேன். ஐரோப்பாவில் மாற்றுப் பிரேக் பேட்டுகளுக்கென ஆர் 90 என்ற விதி இருக்கிறது. கார்களுக்கான பேட், மூலச் சாமானின் நிறுத்தும் திறனிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்பது அதன் அடிப்படை. அந்த அடையாளம் பொறித்த மாற்றுப் பேட்டை ஐரோப்பியர்கள் தயக்கமின்றிப் பூட்டுகிறார்கள். பல பேட்டுகளின் விளிம்பில் இரண்டு ஆங்கில எழுத்துகளும் இருக்கும். குளிர்ந்த நிலையில் எவ்வளவு உராய்வு, சூடேறியபின் எவ்வளவு என்பதை அவை சொல்கின்றன. 'இ' என்பது 'எஃப்'ஐவிடக் குறைந்த பிடி, 'ஜி' கூடிய பிடி. எழுத்தும் இல்லை, உற்பத்தியாளர் பெயரும் இல்லை, நாடும் இல்லை என்றால், அந்தப் பேட்டை வாங்கக் கூடாது. பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிக்கொண்டு பாலத்தைக் கடக்கும் மோட்டார் சைக்கிளில், ஆட்களையும் நெல்லையும் ஒன்றாக ஏற்றிவரும் உழவு இயந்திரப் பெட்டியில், இந்த இடத்தில் பணம் மிச்சம் பிடிப்பதை நான் ஏற்கவே மாட்டேன்.

கண்ணாடி, சீட், மட்கார்ட், லைட் மூடி, ஹோர்ன் போன்றவற்றுக்கு எது மலிவோ அது போதும். உடைந்தால் வேறொன்று.

ஸ்போர்ட்ஸ் கார் உலகம் இந்த விவாதத்துக்குச் சில தெளிவான பாடங்களைத் தருகிறது. 1990களின் இறுதியிலிருந்து போர்ஷே பொக்ஸ்டர், 911 ஆகியவற்றில் வந்த எம்96 எஞ்சினில், இடைத்தண்டைத் தாங்கும் ஒரு சிறு பெயாரிங் இருந்தது. அது பொடிந்தால் எஞ்சினே நாசம். அந்தப் பெயாரிங்கை மட்டும் தனியாக வாங்கக் கொம்பனி வழி வைக்கவில்லை. அமெரிக்காவில் எல்.என். எஞ்சினியரிங் என்ற வெளி நிறுவனம்தான் பீங்கான் குண்டுகள் கொண்ட மாற்றுப் பெயாரிங்கைச் செய்து விற்றது. மாற்றுச் சாமான் மூலச் சாமானைவிட மேலானதாக இருந்த தெளிவான வழக்கு இது. கொம்பனி பொருத்திய சாமானே ஏமாற்றியதும் உண்டு. 2014 பெப்ரவரியில் அஸ்டன் மார்ட்டின் 17,590 கார்களைத் திரும்ப அழைத்தது. வேகமூட்டும் மிதிக்கட்டையின் கை உடையக்கூடும் என்பது காரணம். தேடிப் பார்த்தபோது, சீனாவில் இருந்த துணை வழங்குநர் ஒருவர் போலிப் பிளாஸ்டிக்கைக் கலந்திருந்தது தெரியவந்தது. மிக விலையுயர்ந்த கார், தொழிற்சாலையிலேயே பொருத்திய சாமான், உள்ளே போலி மூலப்பொருள்.

டக்காட்டா நிறுவனத்தின் காற்றுப்பைகளின் கதை நம் நாட்டுக்கு இன்னும் நெருக்கமானது. ஜப்பானிய வாகனங்களில் கொம்பனியே பொருத்திய அந்தப் பைகளுக்குள் இருந்த அமோனியம் நைத்திரேற்று, வெப்பமும் ஈரமும் மிகுந்த இடங்களில் ஆண்டுகள் செல்லச் செல்லக் கெட்டு, விரியும்போது உலோகத் துண்டுகளைச் சிதறடித்தது. உலகின் மிகப் பெரிய வாகன மீளழைப்பு அதனால் வந்தது. 2017இல் அந்த நிறுவனம் திவாலானது. மட்டக்களப்பின் காலநிலை எப்படிப்பட்டது என்று சொல்லத் தேவையில்லை. பஞ்சிகாவத்தையில் கழற்றிய சாமானில் நல்லவை நிறைய உண்டு. கியர்பெட்டி, கதவு, அச்சு எல்லாம் தாராளமாக வாங்கலாம். பழைய காற்றுப்பை மட்டும் வேண்டவே வேண்டாம்.

மாற்றுச் சாமான் செய்யும் உரிமை சும்மா கிடைத்ததல்ல. 1986இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை, பிரிட்டிஷ் லேலண்டுக்கும் ஆம்ஸ்ட்ரோங் நிறுவனத்துக்கும் இடையே நடந்த வழக்கில் தீர்ப்புச் சொன்னது. மொறிஸ் மரீனா காரின் புகைக்குழாயை வெளி நிறுவனம் செய்யலாமா என்பதுதான் வழக்கு. காரை வாங்கியவருக்கு அதைப் பழுதுபார்க்கும் உரிமை உண்டு, அந்த உரிமையை உற்பத்தியாளர் வரைபடப் பதிப்புரிமையைக் காட்டி முடக்க முடியாது என்று தீர்ப்பாயிற்று. அந்தத் தீர்ப்புக்கு வெகுகாலம் முன்பே ஒஸ்டின் ஏ40, மொறிஸ் மைனர் கார்களை யாழ்ப்பாணத்து லேத் பட்டறைகள் தம் கைவேலையால் ஓட வைத்துக்கொண்டிருந்தன. போர்க்காலத்தில் பெற்றோல் இல்லாமல் அவை மண்ணெண்ணெயிலும் ஓடின. படுவான்கரையும் அதே காலத்தில் சோதனைச் சாவடிக்கு அப்பால் இருந்தது. வவுணதீவுச் சாவடியைத் தாண்டி எதைக் கொண்டுபோகலாம், எதைக் கொண்டுபோகக் கூடாது என்பது தினசரிப் பிரச்சினை. 2007 வரை அப்படித்தான். அந்த ஆண்டுகளில் கொம்பனிச் சாமானா மாற்றுச் சாமானா என்ற தேர்வுக்கே வழியில்லை. கிடைத்ததைக் கடைந்து, ஒட்டி, பொருத்தினார்கள். இங்குள்ள மூத்த மெக்கானிக்குகளின் கைப்பழக்கம் அங்கிருந்து வந்தது. அந்தத் திறமையை நான் மிக மதிக்கிறேன். ஆனால் பற்றாக்குறையில் பிறந்த 'எப்படியாவது ஓட்டிவிடலாம்' என்ற பழக்கம், சாமான் கிடைக்கும் இன்றைக்கும் தொடர்வதால்தான் சில பிரேக்குகள் இன்னும் கம்பி கட்டி ஓடுகின்றன.

பழுதுபார்க்கும் உரிமைக்கான சண்டை பின்னரும் தொடர்ந்தது. இந்தியாவில் போட்டி ஆணையம் 2014 ஓகஸ்டில் 14 கார் கொம்பனிகளுக்கு ஏறத்தாழ 2,544 கோடி இந்திய ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிப்பாகங்களையும் பழுதுபார்க்கும் விவரங்களையும் வெளிச் சந்தைக்குத் தராமல் முடக்கியதுதான் குற்றச்சாட்டு. அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2023இல், விவசாய இயந்திரத்தின் சாமானையும் கருவியையும் கையேட்டையும் விவசாயிக்கே தர வேண்டும் என்று சட்டம் இயற்றியது. அங்குள்ள விவசாயிகளின் சிக்கல் மென்பொருளில் வந்தது. இயந்திரத்துக்குள் இருக்கும் கணினி, கொம்பனியின் ஆள் வந்து திறக்கும்வரை ஓட மறுக்கும். நம் வயல்களுக்கு வரும் புதிய வெட்டு மெசின்களிலும் மின்னணுச் சாமான் கூடிவருகிறது. மெசி 135ஐ வேப்பமரத்தடியில் பிரித்துப் பூட்டிய தலைமுறைக்கு அடுத்த தலைமுறை, இதைச் சந்திக்கத்தான் போகிறது.

இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் எல்லோரும் பழைய வாகனத்தையே பிடித்துக்கொண்டிருந்தார்கள். 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியது. இறக்குமதிச் சாமானின் விலை அதோடு ஏறியது. முன்பு கொம்பனிச் சாமான் தவிர வேறு எதையும் தொடாதவர்களும் அப்போது பெயர் தெரியாத பெட்டிகளை வாங்கத் தொடங்கினார்கள். போலிக்காரனுக்கு அதைவிட நல்ல காலம் வாய்த்திருக்காது.

ஆகவே எனக்குக் கிடைக்கும் விடை இதுதான். வாகனத்துக்கு முழுதாக ஒரு கொள்கை வைக்க முடியாது. சாமானுக்குச் சாமான் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். இது பழுதானால் என்ன நடக்கும்? பழுதானால் அடுத்தது எப்போது கைக்கு வரும்? முதல் கேள்விக்கு உயிர் அல்லது எஞ்சின் என்று விடை வந்தால், கொம்பனிச் சாமான் அல்லது பெயரெடுத்த மாற்று உற்பத்தியாளர். இரண்டாவது கேள்விக்கு நாலு நாள் என்று விடை வந்தால், வெட்டுக் காலத்தில் நடுத்தர மாற்றுச் சாமானே சரி. மெசின் நிற்கும் ஒவ்வொரு நாளும் வயலுக்கும் கூலிக்கும் நட்டம். நகரத்தில் முகவரிடம் இல்லாத சாமான் கொழும்பில் இருந்தால்தான் இரவு பஸ்ஸில் ஏறி விடியற்காலை வரும். பணமும் அதற்குள் தயாராக வேண்டும். சிறு விவசாயிக்கு அந்த இரண்டும் ஒரே நேரத்தில் பொருந்துவது அரிது. வசதி உள்ளவர் கொம்பனிச் சாமானுக்காகக் காத்திருக்கலாம். மூன்று ஏக்கர்க்காரர் காத்திருக்க முடியாது. தரத்தைப் பற்றிய பேச்சில் இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு அறிவுரை சொல்வது அநியாயம்.

கடைக்காரர்களிடம் எதிர்பார்ப்பது அதிகமில்லை. மாற்றுச் சாமானை மாற்றுச் சாமான் என்று சொல்லி அதன் விலைக்கே விற்கட்டும். பற்றுச்சீட்டில் உற்பத்தியாளர் பெயர், இலக்கம், நாடு மூன்றையும் எழுதட்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுத்தாக வேண்டும். அதே ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பிறர் வணிகக் குறியைப் போலியாகப் பொறிப்பது குற்றம். வாங்குபவர்கள் பற்றுச்சீட்டைக் கேட்பதில்லை. கேட்டால் கடைக்காரர் மனம் நோகும் என்ற தயக்கம் நம்மவர்களுக்கு. பற்றுச்சீட்டு இல்லாதவரை போலியைத் திருப்பிக் கொடுக்கவும் முடியாது, முறையிடவும் முடியாது.

கமநல சேவை நிலையங்களும் கமக்காரர் அமைப்புகளும் இதில் ஒரு வேலை செய்யலாம். பெரும்போகக் கூட்டம் நடக்கும்போதே, அந்தந்த வட்டையில் ஓடும் மெசின்களுக்கு வெட்டுக் காலத்தில் அடிக்கடி போகும் சாமான்களின் பட்டியலை எழுதலாம்: பெல்ட், பெயாரிங், சீல், வடிகட்டி, கத்திப் பற்கள். எல்லாமே இலக்கம் உள்ள சாமான்கள். பத்து மெசின்காரர்கள் சேர்ந்து மார்கழிக்குள் முகவரிடம் ஒரே கட்டளையாகக் கொடுத்தால், விலையும் பேசலாம், பெட்டியைத் திறந்து சரிபார்க்கவும் நேரம் இருக்கும். தை பிறந்து வெட்டு தொடங்கிய பிறகு, கடைத் தட்டில் எது இருக்கிறதோ அதைத்தான் வாங்கிக்கொண்டு வர வேண்டியிருக்கும்.